விரிவுரையாளர் ஆவது எப்படி? முகாமைத்துவமும் தொழில்நுட்பமும் கற்பிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

அத்தியாயம் 8

படித்து முன்னேறிய பிள்ளை என்றதும் பூனாகலையில் நினைவுக்கு வருபவர்கள் ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், வங்கியில் வேலை பார்ப்பவர், தோட்டக் கந்தோர் கிளார்க். பல்கலைக்கழக விரிவுரையாளர் அந்த வரிசையில் வருவதில்லை. ஆனால் பல்கலைக்கழகம் தூரத்தில் இல்லை. பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பதுளைக்கு இன்னொரு பஸ், பிறகு பசறை வீதி. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. முகாமைத்துவ பீடமும் தொழில்நுட்பக் கற்கைகள் பீடமும் அதில் உண்டு. தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்று தனியாக ஒரு பட்டப்படிப்பே நடக்கிறது. கொழுந்து எடுப்பவரின் மகள் தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்று, அதையே கற்பிக்கவும் வழி இருக்கிறது.

அந்த வழியைப் படிப்படியாகச் சொல்வது இந்த அத்தியாயத்தின் நோக்கம். முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். விரிவுரையாளர் பதவிக்கான போட்டி பத்திரிகையில் விளம்பரம் வரும் நாளில் தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். பட்டப்படிப்பின் முதல் செமஸ்டரிலேயே அது தொடங்கிவிடுகிறது. தோட்டத்திலிருந்து போகும் பிள்ளைகள் பின்தங்குவதற்கு அறிவுக் குறைவு காரணமில்லை. விதிகள் காலம் கடந்து காதுக்கு எட்டுவதே காரணம். கொழும்பில் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் தகவல், உங்களுக்கு மூன்றாம் வருடத்தில் யாரோ ஒரு சீனியர் சொல்லித்தான் கிடைக்கிறது. அந்த மூன்று வருடத்தை மிச்சப்படுத்துவோம்.

1. வேலை என்ன?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விரிவுரையாளரின் வேலை வகுப்பு எடுப்பது. உள்ளே போனால் அது மூன்று வேலை: கற்பித்தல், ஆராய்ச்சி, நிர்வாகம்.

கற்பித்தலை எடுத்துக்கொள்வோம். ஒரு செமஸ்டர் 15 வாரம். ஒரு கிரெடிட் என்பது பொதுவாக 15 மணிநேர விரிவுரை. மாணவர் தானாகப் படிப்பது, அசைன்மென்ட் செய்வது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்ந்தால் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணிநேர உழைப்பு என்று இலங்கைத் தகைமைகள் சட்டகம் கணக்கிடுகிறது. 3 கிரெடிட் பாடம் ஒன்றை முதல் தடவையாக எடுக்கும் புதியவர், அந்த வாரத்து 3 மணிநேரத்தைத் தயார் செய்யவே ஒரு முழு நாளுக்கு மேல் செலவிடுவார். அப்படி இரண்டு மூன்று பாடங்கள் கையில் இருக்கும். வினாத்தாள் தயாரிக்க வேண்டும். இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார். விடைத்தாள் திருத்த வேண்டும். அதையும் இரண்டாம் பரீட்சகர் ஒருவர் பார்ப்பார். பெறுபேறு பரீட்சைச் சபைக்குப் போய்த் திரும்பும்வரை பொறுப்பு உங்களுடையது.

ஆராய்ச்சி சத்தமில்லாமல் நடக்கும் வேலை. யாரும் தினமும் வந்து கேட்க மாட்டார்கள். ஆனால் பதவி உயர்வு வரும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். நிர்வாகம் அதற்கு நேர்மாறு; தினமும் கேட்பார்கள். நேர அட்டவணை, பாடத்திட்டத் திருத்தம், மாணவர் ஆலோசகர் பொறுப்பு, விடுதிப் பொறுப்பு, தர உறுதிப்பாட்டு அறிக்கைகள் என்று வந்துகொண்டே இருக்கும். முகாமைத்துவ, தொழில்நுட்ப பீடங்களில் தொழிற்பயிற்சி மேற்பார்வையும் சேர்கிறது. மாணவர்கள் பயிற்சிக்குப் போயிருக்கும் தொழிற்சாலைக்கும் ஹோட்டலுக்கும் வங்கிக்கும் நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

கந்தோர் வேலை போலக் காலை 8 மணிக்குக் கையெழுத்துப் போட்டு மாலை 4.15க்கு வீடு திரும்பும் வேலை இல்லை. பகலில் சுதந்திரம் இருக்கும். இரவில் விடைத்தாள் இருக்கும். தனியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் வாசிப்பது சுமையாகத் தோன்றுபவருக்கு இந்த வேலை பொருந்தாது. அப்படிப்பட்டவர் வங்கி, கணக்காய்வு, தோட்ட முகாமைத்துவம் பற்றிய மற்ற அத்தியாயங்களைப் பார்ப்பது நல்லது.

2. உயர்தரம்: எந்தப் பிரிவு, எந்த மாவட்டம்

முகாமைத்துவத்துக்கு வழக்கமான வாசல் வர்த்தகப் பிரிவு: கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி. தொழில்நுட்பத்துக்கு இரண்டு வாசல். கணிதம், உயிரியல் ஆகிய பழைய பிரிவுகள் ஒன்று. 2013இல் பாடசாலைகளில் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவு மற்றது. அதில் பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியலோடு தொழினுட்பத்துக்கான விஞ்ஞானத்தைப் படிப்பார்கள். அந்தப் பிரிவு தமிழ்மொழி மூலம் எந்தப் பாடசாலையில் நடக்கிறது, ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுகூடம் இயங்குகிறதா என்பதைச் சாதாரண தரப் பெறுபேறு வரும் முன்பே விசாரியுங்கள். ஆசிரியர் இல்லாத பிரிவில் சேர்ந்து ஒரு வருடம் கழித்துக் கலைப் பிரிவுக்கு மாறுவது தோட்டப் பாடசாலைகளில் அடிக்கடி நடக்கிறது. அப்படி மாறியவருக்கு இந்த அத்தியாயத்தின் வாசல்களில் பெரும்பாலானவை மூடிவிடும்.

அனுமதி இசட் புள்ளியில் நிர்ணயமாகிறது. வர்த்தகம், விஞ்ஞானம் போன்ற பிரிவுகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரியும். மீதி 5 வீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த 16 மாவட்டங்களுக்கு. பதுளை அந்த 16இல் ஒன்று. உயர்தரத்துக்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ பாடசாலை மாறப் போகிறவர்கள், எந்த மாவட்டத்தின் பெயரில் கணக்கில் எடுக்கப்படுவார்கள் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் படித்துவிட்டு மாறுங்கள். கையேடு வருடாவருடம் தமிழிலும் வருகிறது. நல்ல ரியூசனைத் தேடிப் போய் மாவட்ட வாய்ப்பை இழந்துவிடக் கூடாது.

கையேட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். சில கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். அதற்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும். இறுதித் திகதி தெரியாமல் போனவர்களுக்கு மறு வாய்ப்பு கிடையாது.

ஊவா வெல்லஸ்ஸ ஒரு தெரிவு மட்டுமே. யாழ்ப்பாணம், வவுனியா, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் முகாமைத்துவமோ வணிகமோ உண்டு. முகாமைத்துவமும் தொழில்நுட்பமும் ஒன்றாகச் சேரும் துறை வேண்டுமென்றால் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். தொழில்நுட்ப முகாமைத்துவம் அங்கே தனித் துறையாகவே இருக்கிறது.

3. நான்கு வருடம், ஒரே கணக்கு

விரிவுரையாளர் வேலையின் முதற்படிக்குத் தகுதிகாண் விரிவுரையாளர் என்று பெயர். முதுமாணிப் பட்டம் இல்லாமல் நேரடியாக அதற்கு விண்ணப்பிக்க, உரிய துறையில் சிறப்புப் பட்டமும் அதில் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவும் வேண்டும். பெரும்பாலான பீடங்களில் முதல் வகுப்புக்கு ஜிபிஏ 3.70, மேற்பிரிவுக்கு 3.30.

இந்த இரண்டு எண்களையும் முதலாம் வருடம் முதல் வாரத்தில் அறிந்தவருக்கும் மூன்றாம் வருடத்தில் அறிந்தவருக்கும் நிறைய வித்தியாசம். முதலாம் வருடம் தோட்டத்துப் பிள்ளைக்கு மிகக் கடினமான வருடம். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், விடுதி புதிது, மஹாபொல உதவித்தொகை கைக்கு வரச் சில மாதம் பிடிக்கும். பகிடிவதையும் இருக்கும், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. இவற்றுக்கு நடுவில் முதல் செமஸ்டரில் 2.60 எடுத்தவர், அடுத்து எவ்வளவு நன்றாகப் படித்தாலும் 3.70ஐத் தொடுவது மிகக் கடினம். கூட்டிப் பெருக்கிப் பார்த்தால் தெரியும்.

ஆகவே வருடவாரியாக:

முதலாம் வருடம்: ஜிபிஏயைக் காப்பாற்றுவது மட்டும் இலக்கு. ஆங்கிலத்துக்குத் தினமும் ஒரு மணிநேரம். விரிவுரைக்கு முதல்நாளே அந்தப் பாடத்தின் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொண்டு போனால், வகுப்பில் பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாம் வருடம்: எந்தத் துறையில் சிறப்புப் படிப்பு என்று தீர்மானிக்கும் காலம். ஆர்வத்தோடு இன்னொன்றையும் பாருங்கள். அந்தத் துறையில் விரிவுரையாளர்கள் எத்தனை பேர், அடுத்த பத்து வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர்கள் யார், வெளிநாடு போனவர்கள் யார்? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல விரிவுரையாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். வெற்றிடங்கள் உண்டு, அவை துறைக்குத் துறை வேறுபடும்.

மூன்றாம் வருடம்: புள்ளிவிபரவியல். முகாமைத்துவமோ தொழில்நுட்பமோ, எண்ணோடு பழகாதவர் ஆராய்ச்சியில் நிலைக்க முடியாது. எக்செல் தாண்டி எஸ்பிஎஸ்எஸ், ஆர், பைதன் இவற்றில் ஒன்றை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

நான்காம் வருடம்: ஆய்வேடு. பட்டத்துக்காக எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோகும் ஆய்வேடாக அது இருக்கக் கூடாது. மாநாட்டுக் கட்டுரையாக மாற்றக் கூடிய தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். நேர்முகத்தேர்வில் உங்கள் பெயரில் ஒரு வெளியீடாவது இருந்தால், அதே வகுப்புப் பட்டத்தோடு வருபவர்களிடமிருந்து நீங்கள் தனித்துத் தெரிவீர்கள்.

4. பட்டத்துக்கும் நியமனத்துக்கும் நடுவில்

பட்டம் முடிந்த மறுநாள் நிரந்தரப் பதவி கிடைப்பது அபூர்வம். நடுவில் ஒன்றிரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் போகும். அந்தக் காலத்தை எப்படிக் கடப்பது?

முதலாவது வழி, படித்த துறையிலேயே தற்காலிக விரிவுரையாளராகச் சேர்வது. ஒப்பந்த வேலைதான், செமஸ்டர் முடிய வேலையும் முடியலாம். ஆனால் வகுப்பு எடுத்த அனுபவமும் மூத்தவர்களோடு ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பும் கிடைக்கும்.

இரண்டாவது, உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களில் வருகைதரு விரிவுரையாளராவது. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் முதலியவற்றில் உயர் தேசிய டிப்ளோமா நடத்தும் இந்த அரச நிறுவனங்களில் ஒன்று பதுளையிலும் இருக்கிறது.

மூன்றாவது, உடனே முதுமாணிப் படிப்பில் சேர்வது. சேரும் முன் அந்தப் பட்டத்தின் தகைமை மட்டத்தைக் கேளுங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் சிறப்புப் பட்டம் மட்டம் 6. பாடங்கள் மட்டும் கொண்ட முதுமாணி மட்டம் 9. ஆராய்ச்சியும் சேர்ந்த முதுமாணி மட்டம் 10, குறைந்தது 60 கிரெடிட். முதுதத்துவமாணி மட்டம் 11, கலாநிதி மட்டம் 12. வார இறுதியில் சுருக்கமாக முடியும் எம்பிஏ ஒன்று வங்கி உத்தியோகத்தருக்குப் போதுமானதாக இருக்கலாம். விரிவுரையாளராக விரும்புபவர் ஆராய்ச்சி உள்ள பட்டத்தையே தேட வேண்டும். இதை விசாரிக்காமல் இலட்சக்கணக்கில் கட்டணம் கட்டிவிட்டு இன்னொரு முதுமாணி படிக்க நேர்ந்தவர்கள் பலர்.

நான்காவது, அரச ஆசிரியர் சேவையில் சேர்ந்து மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது. குடும்பச் சுமை உள்ளவருக்கு இதுவே நியாயமான வழி. ஆனால் அரச சேவையில் இருப்பவர் விண்ணப்பத்தைத் தம் நிறுவனத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டும். அதிபர், வலயக் கல்வி அலுவலகம் என்று கடிதம் நகர நாளாகும். இறுதித் திகதிக்கு முன்பே முற்பிரதி ஒன்றை நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

5. விண்ணப்பம்: லயத்து முகவரியும் மூன்று மொழிப் பெயரும்

மற்ற வழிகாட்டி நூல்களில் இந்தப் பகுதி இருக்காது. தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் இது தேவை.

முதலாவது, முகவரி. லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கம் இல்லாத தோட்டங்கள் இன்னும் பல. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து டிவிசனுக்கு வந்து, யாரோ ஒருவர் கையில் வீடு சேரும்போது நேர்முகத்தேர்வு முடிந்திருக்கும். பண்டாரவளையிலோ பதுளையிலோ நம்பிக்கையான உறவினர் அல்லது ஆசிரியரின் முகவரியைத் தபால் முகவரியாகக் கொடுங்கள். மின்னஞ்சலையும் கைத்தொலைபேசி இலக்கத்தையும் தெளிவாக எழுதி, விளம்பரம் முடிந்த பிறகும் மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள்.

இரண்டாவது, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, உயர்தரச் சான்றிதழில் வேறொன்று. சிங்களத்தில் எழுதிப் பதிந்த பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போது உருமாறி நிற்கும். நியமனம் கிடைத்த பிறகு இதைச் சரிசெய்ய ஓடினால் வேலையில் சேரும் நாளே தள்ளிப்போகும். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். சிறிய வேறுபாடு என்றால் சத்தியக் கடதாசி ஏற்றுக்கொள்ளப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உயர்தரம் எழுதும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, ஆவணப் பாதுகாப்பு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்ணுக்கடியில் போயின. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி மண்சரிவு. நம் மலைகளில் எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறவே நேரம் போதாது. ஆகவே மூலச் சான்றிதழ்களை நீர் புகாத ஒரே உறையில், கதவருகே கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் கூகுள் டிரைவிலும் போட்டு வையுங்கள்.

6. நேர்முகத்தேர்வு

உபவேந்தர் தலைமையில் பீடாதிபதி, துறைத் தலைவர், மூதவை மற்றும் பேரவை சார்பானவர்கள் அமர்ந்திருப்பார்கள். பல இடங்களில் சிறு விரிவுரை ஒன்றும் செய்துகாட்டச் சொல்வார்கள்.

அந்தச் சிறு விரிவுரைக்குப் பெரிய தலைப்பு எடுக்காதீர்கள். கிடைக்கும் சில நிமிடங்களில் ஒரே ஒரு கருத்தைத் தெளிவாக விளக்க முடிகிறதா என்பதையே பார்க்கிறார்கள். சொல்லை விளக்கி, ஓர் உதாரணம் சொல்லி, ஒரு கேள்வி கேட்டு முடித்துவிடுங்கள். திரையில் எழுதியிருப்பதை வாசிப்பவருக்குப் புள்ளி குறையும்.

"உங்கள் ஆய்வேட்டை இப்போது செய்தால் எதை மாற்றுவீர்கள்?" "இந்தத் துறையில் எந்தப் பாடம் உங்களால் எடுக்க முடியாது?" போன்ற கேள்விகளுக்குத் தயாராகப் போங்கள். எல்லாம் எடுப்பேன் என்று சொல்வதைவிட, இன்னது எடுப்பேன், இன்னதுக்கு ஒரு செமஸ்டர் தயாரிப்பு வேண்டும் என்று சொல்பவர் நம்பகமானவராகத் தெரிவார்.

தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதைக் கேட்டாலன்றி வறுமைக் கதையாகச் சொல்ல வேண்டாம். கேட்டால், அந்தப் பின்னணி உங்கள் பாடத்துக்கு என்ன தருகிறது என்று சொல்லுங்கள். அதற்கான சரக்கு அடுத்த பகுதியில்.

7. தோட்டமே உங்கள் பாடப் பொருள்

முகாமைத்துவப் பாடநூல்களில் ஜப்பானியக் கார்த் தொழிற்சாலையும் அமெரிக்க மென்பொருள் கம்பனியும் நிரம்பிக் கிடக்கின்றன. பதுளையில் படிக்கும் மாணவருக்கு அவை இரண்டுமே அந்நியம். உங்களிடம் இருப்பதோ ஒன்றரை நூற்றாண்டாக இயங்கும் ஒரு தொழில். அதன் உள்விபரம் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது.

ஊக்கக் கொடுப்பனவு பற்றி வகுப்பு எடுக்க வேண்டுமா? குறித்த கிலோ எடுத்தால் பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு. இந்த முறை எதை ஊக்குவிக்கிறது, எதைக் கெடுக்கிறது? கொழுந்தின் தரம் என்ன ஆகிறது? மழைநாளில் மலையில் கொழுந்து இல்லாவிட்டால் அந்த இடரைச் சுமப்பது கம்பனியா, தொழிலாளியா? நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானியில் நிர்ணயமானபோது உற்பத்திச் செலவும் கிலோ இலக்கும் எப்படி மாறின? ஒரு செமஸ்டருக்குப் போதுமான கேள்விகள் இதில் இருக்கின்றன.

சந்தைப்படுத்தலுக்கு அடுத்த மலையைக் காட்டுங்கள். தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து ஊவாவில் தோட்டங்கள் வாங்கினார். தம்பேதன்னையில் தொழிற்சாலை அமைத்து, இடைத்தரகர்களை விலக்கித் தம் கடைகளில் தேயிலையை நேராகக் கொண்டுபோய் விற்றார். மூலப்பொருளிலிருந்து கடை மேசைவரை ஒரே கை என்ற வியாபார முறைக்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் எங்கே கிடைக்கும்? இலாபம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அடுத்த வாரத்துக் கேள்வி.

தொழில்நுட்ப மாற்றத்துக்குக் கொழும்புத் தேயிலை ஏலம். 1883 முதல் ஆட்கள் கூடிக் குரல் கொடுத்து நடந்த ஏலம், 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது இணையத்துக்கு மாறியது. 137 வருடம் மாறாதது ஏன் சில நாட்களில் மாறியது? தொழில்நுட்பம் முன்பே இருந்தும் தடுத்து நின்றது எது? மாற்ற முகாமைத்துவத்தின் மையக் கேள்வி இதுதான். அதன் மறுபக்கம் இரசாயனப் பசளைத் தடை. 2021 மே மாதம் வந்த தடை அதே வருடம் நவம்பரில் கைவிடப்பட்டது. தயாரிப்பின்றித் திணிக்கப்பட்ட மாற்றம் என்ன செய்யும் என்பதைத் தேயிலை மலைகள் காட்டின.

செயல்முறை முகாமைத்துவத்துக்கு ஸ்டோரையே, அதாவது தேயிலைத் தொழிற்சாலையையே, எடுங்கள். ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. வாட்டல், அரைத்தல், புளிக்க வைத்தல், உலர்த்தல், தரம் பிரித்தல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஈரம், நேரம், மின்சாரம் மூன்றும் கணக்கு. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம், தனி விலை. அந்தச் சில வாரங்களுக்காக ஆளையும் இயந்திரத்தையும் எப்படித் திட்டமிடுவது?

பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாப் பிராந்திய நிலையம் இருக்கிறது. தலைமையகம் தலவாக்கலையில். தரவுக்கும் கூட்டு ஆராய்ச்சிக்கும் அந்தத் தொடர்பை முதல் வருடத்திலேயே ஏற்படுத்துங்கள். மலையகச் சமூகம் பற்றி ஆராய்ந்து எழுதிய முன்னோடிகளைப் படியுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் ஏ. எஸ். சந்திரபோஸ், பேராதனையின் எஸ். விஜேசந்திரன் ஆகியோரின் எழுத்துகள் நல்ல தொடக்கம். அவர்கள் சமூக அறிவியல் பக்கமிருந்து பார்த்தார்கள். முகாமைத்துவ, தொழில்நுட்பப் பக்கமிருந்து பார்ப்பவர்கள் இன்னும் குறைவு. அந்த இடம் காலியாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஊரைப் பற்றி ஆராயும்போது ஊராரின் பெயரையும் கடனையும் நோயையும் கட்டுரையில் அம்பலப்படுத்தக் கூடாது. உங்களை நம்பித்தான் அத்தை வினாக்கொத்துக்குப் பதில் சொல்கிறார். நெறிமுறைக் குழுவின் அனுமதி காகிதத்துக்கு மட்டுமானதல்ல.

8. தகுதிகாண் காலமும் அதன் பிறகும்

நியமனம் கிடைத்ததும் ஓட்டம் முடிந்தது என்று நினைப்பது ஆபத்து. தகுதிகாண் காலம் முதலில் 3 வருடம். நீடிக்கலாம், ஆனால் 8 வருடத்துக்குள் உரிய பட்டப்பின் தகைமையைப் பெற்றாக வேண்டும். உயர்கல்வியில் கற்பித்தல் பற்றிய சான்றிதழ்க் கற்கையையும் முடிக்க வேண்டும். பணியாளர் மேம்பாட்டு நிலையங்கள் அதை நடத்துகின்றன.

கலாநிதிப் பட்டத்துக்குச் சம்பளத்தோடு கற்கை விடுமுறை கிடைக்கும். அதற்கு ஈடாகப் பிணைமுறியில் கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்து குறித்த காலம் சேவை செய்ய வேண்டும். திரும்பாவிட்டால் பணத்தைக் கட்ட வேண்டியவர்கள் நீங்களும் பிணை நின்றவர்களுமே. தோட்டத்தில் சொத்தில்லாத குடும்பத்துக்குப் பிணை நிற்பவரைத் தேடுவதே பெரும்பாடு. நிறுவன விதிகளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மேலே ஏணி இப்படி: சிரேஷ்ட விரிவுரையாளர் தரம் II, தரம் I, இணைப் பேராசிரியர், பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர். ஏழு வருடச் சேவைக்குப் பின் ஒரு வருட ஓய்வாய்வு விடுமுறை உண்டு. ஓய்வு வயது 65. தொழிற்சங்கமும் இந்த வாழ்க்கையின் ஒரு பகுதி. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கேட்டு 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது. தொழிற்சங்கத்தோடு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இது புதிதாக இருக்காது.

9. மொழி

விரிவுரை ஆங்கிலத்தில். ஊவா வெல்லஸ்ஸ போன்ற இடங்களில் மாணவர்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்கள். வீட்டில் தமிழ், பண்டாரவளைக் கடைத்தெருவில் சிங்களம் என்று வளர்ந்தவருக்கு இது அனுகூலம். தொழிற்பயிற்சி மேற்பார்வையில் துரையோடு ஆங்கிலத்திலும் மேற்பார்வையாளரோடு சிங்களத்திலும் தொழிலாளியோடு தமிழிலும் பேசக் கூடிய விரிவுரையாளர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? சிங்களத்தை எழுதவும் வாசிக்கவும் முறையாகக் கற்றால், அந்த அனுகூலம் சான்றிதழாகவும் கையில் இருக்கும்.

10. வீட்டில் என்ன சொல்வது?

"பட்டம் வாங்கியாச்சு, இன்னும் என்ன படிப்பு மவனே?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. தங்கையின் கல்யாணம் இருக்கும், கூட்டுறவுக் கடன் இருக்கும். மழுப்பாமல் கால அட்டவணையைச் சொல்லுங்கள்: பட்டம் நான்கு வருடம், இடைக்காலம் ஒன்றிரண்டு வருடம், பிறகு நியமனம், அதன்பின் சம்பளத்தோடு படிப்பு. மகள் என்றால் கேள்வி வேறு மாதிரி வரும்: "தூரத்துல எப்படித் தனியா இருப்ப?" விடுதி, விரிவுரையாளர் குடியிருப்பு, கூடப் பணிபுரிபவர்கள் பற்றிய விபரத்தோடு பதில் சொல்லுங்கள். முடிந்தால் அம்மாவை ஒரு நாள் பல்கலைக்கழகத்துக்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

உதவித்தொகைகளைத் தவறவிடாதீர்கள். பட்டப்படிப்புக் காலத்தில் மஹாபொல அல்லது பேர்சரி. 1946 முதல் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகவே இயங்கும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்கு உதவுகிறது. இந்திய உயர் ஸ்தானிகராலயம் விண்ணப்பம் கோரும். இந்தியாவில் படிக்க நேரு ஞாபகார்த்தத் திட்டம் பட்டப்படிப்புக்கும், மௌலானா ஆசாத் திட்டம் பட்டப்பின் படிப்புக்கும், ராஜீவ் காந்தி திட்டம் தகவல் தொழில்நுட்பத்துக்கும் இருக்கின்றன.

11. செய்ய வேண்டியவை

சாதாரண தரத்தில் இருப்பவர்: பிறப்புச் சான்றிதழ்ப் பெயரைச் சரிபாருங்கள். உயர்தரப் பிரிவுக்கு ஆசிரியர் இருக்கும் பாடசாலையைத் தேடுங்கள்.

உயர்தரத்தில் இருப்பவர்: அனுமதிக் கையேட்டின் பழைய பிரதி ஒன்றை இப்போதே எடுத்து வாசியுங்கள். மாவட்ட விதியையும் உளச்சார்புப் பரீட்சை உள்ள கற்கைநெறிகளையும் கோடிட்டு வையுங்கள்.

பல்கலைக்கழகத்தில் இருப்பவர்: உங்கள் பீடத்தின் வகுப்புப் பிரிப்பு விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதுவரை எடுத்த ஜிபிஏயை வைத்து, மீதிச் செமஸ்டர்களில் சராசரி எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுங்கள்.

பட்டம் பெற்றவர்: முதுமாணிக்குப் பணம் கட்டும் முன் அதன் மட்டத்தைக் கேளுங்கள். ஆய்வேட்டை மாநாட்டுக் கட்டுரையாகச் சுருக்குங்கள். பல்கலைக்கழக இணையத்தளங்களின் வெற்றிடப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஆசிரியராக இருந்துகொண்டு விண்ணப்பிப்பவர்: சேவை உறுதிக் கடிதத்தை விளம்பரம் வரும் முன்பே எடுத்து வையுங்கள். பெரும்பாலான விளம்பரங்களுக்கு அவகாசம் சில வாரங்கள்தான். வலயக் கல்வி அலுவலகத்தில் கோப்பு நகர அது போதாது.